ஏட்டில் கண்ட அன்பு வீட்டில் வாழட்டும்



கடிதம் எழுதத் தொடங்கும்போது "அன்புள்ள" என்று எழுதுகிறோம். முடிக்கும்போது "அன்புடன்" என்று கையெழுத்திடுகிறோம். இடையிலே கடன் கேட்டிருப்போம், குறை கூறியிருப்போம், சில வேளைகளில் சண்டையும் போட்டிருப்போம். ஆயினும் அன்பு என்னும் சொல்லை இரு முனையிலும் வைக்க மறப்பதில்லை. அவ்வளவு எளிதாக நம் நாவிலும் பேனாவிலும் வந்துவிடுகிற சொல் அது. கோவிலில் கேட்கிறோம், மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்கிறோம், பாட்டாகவும் பாடுகிறோம். "கடவுள் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் முதல் வகுப்புச் சிறுமியும் "அன்பானவர்" என்று தயங்காமல் விடை கூறிவிடுவாள்.

ஆனால் அந்த அன்பு, காலை 6 மணிக்குத் தண்ணீர்க் குழாயடியில் என்ன செய்கிறது? மதிய உணவு வேளையில் யார் பக்கத்தில் நம்மை உட்காரச் சொல்கிறது? மதிப்பெண் குறைந்த விடைத்தாளோடு வீடு திரும்பும் மாலையில் நம் மனத்துக்கு என்ன ஆறுதல் கூறுகிறது? இவற்றுக்கு விடை கிடைக்காவிட்டால், நாம் கற்ற மறைக்கல்வி ஏட்டுச் சுரைக்காயாகவே நின்றுவிடும்.

எனவே, இறையன்பைப் பற்றி விவிலியம் கூறும் சில பகுதிகளை எடுத்துக்கொண்டு, அவை நம் அன்றாட வாழ்வை எங்கே தொடுகின்றன என்று காண்போம். விவிலியத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு படித்தால் பயன் மிகுதி. நம் பள்ளியில் பயிலும் பிற சமய மாணவியரும் இதனைப் படிக்கலாம். அன்புடைமைக்கென்று 10 குறட்பாக்களைத் தனி அதிகாரமாக வகுத்துத் தந்த வள்ளுவரின் மொழியைப் பேசுகிறவர்கள் அல்லவா நாம் எல்லோரும்!

1. அன்புக்குப் பல பெயர்கள்

அன்பு, பாசம், நேசம், நட்பு, பரிவு, இரக்கம், காதல் என்று தமிழில் எத்தனை சொற்கள்! ஒவ்வொன்றுக்கும் தனிச் சுவை உண்டு. தாய்க்குப் பிள்ளை மீதுள்ளது பாசம். தோழியரிடையே உள்ளது நட்பு. விவிலியம் எழுதப்பட்ட மொழிகளிலும் இவ்வாறே பல சொற்கள் உள்ளன.

பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி எபிரேய மொழியில் எழுதப்பட்டது. இறைவனின் அன்பைக் கூற அதில் அடிக்கடி வரும் சொற்கள் இரண்டு. ஒன்று "ஹெசெத்". கொடுத்த வாக்கில் நிலைத்து நின்று, எதிர்த்தரப்பு தவறினாலும் கைவிடாத பேரன்பை அது குறிக்கும். மற்றொன்று "ரஹமீம்". இதனை இரக்கம் என்று மொழிபெயர்க்கிறோம். தாயின் கருப்பையைக் குறிக்கும் "ரெஹெம்" என்னும் சொல்லோடு இதற்கு வேர் உறவு உண்டு. வயிற்றில் சுமந்தவளுக்கு வரும் வயிற்றுத் துடிப்பே ரஹமீம். "பெற்ற வயிறு பற்றி எரிகிறது" என்று நம் அன்னையர் கூறுவதை நினைத்துக் கொள்ளுங்கள்; பொருள் விளங்கிவிடும்.

புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. அதில் இறையன்பைக் குறிக்கப் பெரிதும் வழங்கும் சொல் "அகாப்பே". பிறருடைய நலனை நாடித் தன்னையே கையளிக்கும் அன்பு இது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒருவரைப் பார்த்ததும் பிடிப்பதும் பிடிக்காமற் போவதும் நம் கையில் இல்லை. அதைக் கட்டளையிட்டு வரவழைக்க யாராலும் முடியாது. ஆனால் இயேசு அன்பைக் கட்டளையாகவே தந்தார் (அருளப்பர் 13:34). அப்படியானால் அவர் கேட்பது வெறும் உணர்ச்சியாக இருக்க முடியாது. "இவளுக்கு நான் நன்மையே செய்வேன்" என்று மனத்தால் எடுக்கும் தீர்மானத்தையே அவர் கேட்கிறார். பிடிக்காத ஒருத்திக்கும் நன்மை செய்ய முடியும். இந்த உண்மை விளங்கிவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

2. முதலில் நேசித்தவர் அவரே

புனித அருளப்பர் தம் முதல் திருமுகத்தின் 4-ஆம் அதிகாரத்தில் அன்பின் ஊற்றைக் காட்டுகிறார். நாம் கடவுளை நேசித்ததிலிருந்து அன்பு தொடங்கவில்லை. அவர் நம்மை முதலில் நேசித்ததிலிருந்தே தொடங்கிற்று என்பது அவர் கூறும் கருத்து (1 அருளப்பர் 4:10, 19). புனித சின்னப்பர் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார்: நாம் நல்லவர்களாகும் வரை கிறிஸ்து காத்திருக்கவில்லை, பாவிகளாய் இருந்தபோதே நமக்காக உயிர் கொடுத்தார் (உரோமையர் 5:8).

இதைக் கேட்டுப் பழகிய நமக்கு இதன் புதுமை தெரிவதில்லை. நம்மில் பலர் உள்ளத்தின் ஆழத்தில் வேறொரு கடவுளை வைத்திருக்கிறோம். நல்ல மதிப்பெண் வாங்கினால் புன்னகைப்பவர்; செபம் சொல்ல மறந்தால் முகத்தைத் திருப்பிக் கொள்பவர்; தோற்றவளை வரிசையின் கடைசியில் நிற்கச் சொல்பவர். அது விவிலியம் காட்டும் கடவுள் அன்று.

லூக்காஸ் 15-ஆம் அதிகாரத்தில் ஊதாரி மைந்தன் உவமையை எடுத்துக் கொள்வோம். பலமுறை கேட்ட கதைதான். இந்த முறை இரண்டு இடங்களை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

முதலாவது, இளைய மகனின் மன்றாட்டு. பன்றித் தொழுவத்தில் இருந்தபோதே தந்தையிடம் கூற வேண்டியதை அவன் ஒத்திகை பார்த்துக் கொள்கிறான். மூன்று செய்திகள்: பாவம் செய்தேன், மகனாக இருக்கத் தகுதி இழந்தேன், என்னைக் கூலியாளாக வைத்துக் கொள்ளும் (15:18-19). வீட்டுக்கு வந்ததும் முதல் இரண்டையும் சொல்கிறான். மூன்றாவது அவன் வாயில் வரவில்லை (15:21). அதற்குள் தந்தை ஊழியர்களை அழைத்து ஆடையும் மோதிரமும் கேட்கத் தொடங்கிவிட்டார். கூலியாளாக இருக்க வந்தவனுக்கு அந்த வேலையைக் கேட்கக்கூட வாய்ப்புத் தரப்படவில்லை! தந்தையின் வீட்டில் மகனுக்கு மகன் என்னும் இடம் மட்டுமே உண்டு.

இரண்டாவது, மூத்தவனின் பேச்சு. அவன் தந்தையிடம் தம்பியைப் பற்றிப் பேசும்போது "தம்பி" என்று கூறுவதில்லை. "உம் மகன்" என்றே கூறுகிறான் (15:30). தந்தையோ மறுமொழியில் மெல்லத் திருத்துகிறார்; "உன் தம்பி" என்கிறார் (15:32). மூத்தவன் ஒரு நாளும் வீட்டை விட்டு ஓடியவன் அல்லன், ஒழுங்காக உழைத்தவன். ஆனாலும் தன்னை அடிமை போலவே எண்ணியிருந்தான். தந்தையின் அன்பு கூலி அன்று என்பதை வீட்டுக்குள் இருந்தவனும் அறியவில்லை; வெளியே போனவனும் அறியவில்லை.

மாணவியரே, நீங்கள் முதல் இடம் பெற்றாலும், ஒரு பாடத்தில் தவறினாலும், இறைவன் முன் உங்கள் பெயர் "மகள்" என்பதே. படிக்க வேண்டாம் என்று இதற்குப் பொருள் அன்று. அன்பைச் சம்பாதிப்பதற்காக அஞ்சி அஞ்சிப் படிப்பது வேறு. அன்பு செய்யப்பட்டவள் என்ற துணிவோடு படிப்பது வேறு. பின்னதே நிலைக்கும்.

பெற்றோரே, தேர்வு முடிவு வெளியாகும் நாளில் சில வீடுகளில் நேரும் துயரங்களைச் செய்தித்தாள்களில் படித்து நாம் கலங்கியிருக்கிறோம். அந்த நாளில் பிள்ளை முதலில் பார்ப்பது உங்கள் முகத்தைத்தான். உவமையில் வரும் தந்தை கணக்குக் கேட்பதற்கு முன் கட்டித் தழுவினார். கணக்கை நாளை கேட்கலாம். தழுவுவதை நாளைக்குத் தள்ளிவைக்கக் கூடாது.

3. தாயினும் மேலான அன்பு

இறைவனைத் தந்தை என்றே அழைத்துப் பழகியிருக்கிறோம். விவிலியம் அவரைத் தாயாகவும் காட்டுகிறது. இசையாஸ் 49:15-ஐ எடுத்துப் பாருங்கள். பால் குடிக்கும் பிள்ளையைத் தாய் மறக்கக் கூடுமோ என்று இறைவாக்கினர் கேட்கிறார். அவளே மறந்தாலும் இறைவன் மறக்கமாட்டார் என்று உறுதி கூறுகிறார். அடுத்த வசனத்தில் இறைவன் தம் மக்களைத் தம் உள்ளங்கையிலேயே பொறித்து வைத்திருப்பதாகப் படிக்கிறோம். ஓசே 11-ஆம் அதிகாரத்திலோ, குழந்தைக்கு நடை பழக்கி, தூக்கி அணைத்து, குனிந்து உணவூட்டும் பெற்றோராக இறைவன் காட்சி தருகிறார். நடை வண்டி பிடித்த குழந்தையின் பின்னே குனிந்து நடக்கும் நம் வீட்டுப் பாட்டியை நினைவூட்டும் காட்சி அது.

இப்பகுதிகளைப் பெண்கள் பள்ளியில் படிப்பதற்குத் தனிப் பொருள் உண்டு. பெண் பிறந்தால் செலவு என்று முகம் சுளிக்கும் வழக்கம் நம் மண்ணில் இருந்து வந்திருக்கிறது. பிறந்த பெண் குழந்தைகளைக் காப்பாற்றுவதற்கென்றே தமிழ்நாடு அரசு 1992-ஆம் ஆண்டு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க வேண்டியிருந்தது என்றால், நிலைமை எவ்வளவு கொடிது என்று எண்ணிப் பாருங்கள். தாயே மறந்தாலும் என்று இறைவாக்கினர் கூறிய சொல் வெறும் அலங்காரம் அன்று.

லூக்காஸ் 13-ஆம் அதிகாரத்தில் 18 ஆண்டுகளாகக் கூனிப் போயிருந்த ஒரு பெண் வருகிறாள். அவள் எதுவும் கேட்கவில்லை. இயேசுவே அவளைக் கண்டு, அருகில் அழைத்து, நிமிர்த்துகிறார். குறை கூறியவர்கள் முன்னே அவளை "ஆபிரகாமின் மகள்" என்று சிறப்பித்துப் பேசுகிறார் (13:16). ஆபிரகாமின் பிள்ளைகள் என்ற பெருமையில் அவளுக்கும் சம உரிமை உண்டு என்று தொழுகைக் கூடத்தின் நடுவிலேயே அறிவித்துவிட்டார். காணாமற்போன காசைத் தேடும் பெண்ணின் உவமையில் இன்னும் ஓர் அழகு: விளக்கேற்றி, துடைப்பம் எடுத்து, வீடு முழுவதும் பெருக்கித் தேடும் ஒரு குடும்பப் பெண்ணை, பாவியைத் தேடும் இறைவனுக்கு உவமையாக்கினார் (லூக்காஸ் 15:8-10).

ஆகவே, மகனுக்கு முட்டையும் மகளுக்குக் குழம்பும் வைக்கும் வீட்டில் இறையன்பு இன்னும் நுழையவில்லை என்றே பொருள். "நீ பெண்தானே, இவ்வளவு போதும்" என்று யாராவது கூறினால், மாணவியரே, இசையாஸ் 43:4-ஐ நினைத்துக் கொள்ளுங்கள். இறைவன் பார்வையில் விலைமதிப்புள்ளவள் நீ என்று அங்கே எழுதியிருக்கிறது.

4. பற்றுக் கணக்கு எழுதாத அன்பு

கொரிந்து நகர் கிரேக்க நாட்டின் செல்வம் கொழித்த துறைமுக நகரம். அங்கிருந்த கிறிஸ்தவர்களுக்குப் புனித சின்னப்பர் கி.பி. 55-ஆம் ஆண்டளவில் தம் முதல் திருமுகத்தை எழுதினார். அதன் 13-ஆம் அதிகாரம் திருமணங்களில் பெரிதும் வாசிக்கப்படுகிறது. அதனால் அது இனிய வாழ்த்துரை என்று எண்ணி விடுகிறோம். உண்மையில் அது கண்டிப்புக் கடிதத்தின் ஒரு பகுதி. கொரிந்தில் கட்சிச் சண்டைகள் இருந்தன. ஆண்டவரின் விருந்துக்காகக் கூடிய இடத்திலேயே ஒருவர் பசித்திருக்க மற்றொருவர் நிறையக் குடித்துக் களித்தார் (11:21). அந்தச் சூழ்நிலையில்தான் அன்பு எப்படியிருக்கும் என்று அவர் வரையறுத்துக் காட்டினார்.

4 முதல் 7 வரை உள்ள வசனங்களில் அன்பின் 15 பண்புகள் உள்ளன. பொறுமை, பரிவு முதலிய 7 பண்புகள் அன்பு செய்வதைக் கூறும். பொறாமை, தற்புகழ்ச்சி, இறுமாப்பு, இழிசெயல், தன்னலம், எரிச்சல் முதலிய 8 பண்புகள் அன்பு செய்யாததைக் கூறும். மூல மொழியில் இவை 15-ம் வினைச்சொற்களாகவே உள்ளன. இலக்கண வகுப்பில் படிக்கிறீர்களே, வினை என்றால் செயல்! சின்னப்பர் அன்பைப் பெயர்ச்சொல்லாக வருணிப்பதோடு நில்லாமல் வேலை செய்ய வைத்துவிட்டார்.

இவற்றுள் ஒன்றை மட்டும் பார்ப்போம். அன்பு பிறர் செய்த தீமையைக் கணக்கில் வைப்பதில்லை என்பது அவர் கருத்து. அங்கே அவர் கையாளும் சொல் கணக்கு எழுதுவதைக் குறிக்கும் சொல். மளிகைக் கடைப் பற்று நோட்டு நமக்குத் தெரியும். தேதி, சாமான், தொகை எல்லாம் அதில் இருக்கும். நம்மில் சிலர் மனத்துக்குள்ளும் அப்படி ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். "போன வருஷம் விளையாட்டு விழாவில் என்னைச் சேர்க்கவில்லை, சித்தி வீட்டுக் கல்யாணத்தில் என்னைக் கண்டும் காணாததுபோல் போனாள், அம்மா தங்கைக்கு மட்டும் கொலுசு வாங்கினாள்" என்று பக்கம் பக்கமாய்ப் பற்று எழுதி, வட்டியும் போட்டு வைக்கிறோம். கடைக்காரருக்காவது ஒரு நாள் பணம் வந்து சேரும். நமக்கு இந்த நோட்டினால் வருவது தூக்கமின்மை மட்டுமே.

ஒரு பயிற்சி செய்யுங்கள். அந்த நான்கு வசனங்களிலும் அன்பு என்ற சொல் வரும் இடமெல்லாம் உங்கள் பெயரை இட்டு வாய்விட்டு வாசியுங்கள். எந்த இடத்தில் நாக்குத் தடுமாறுகிறதோ, அந்த இடத்திலிருந்து இந்த ஆண்டுக்கான வேலையைத் தொடங்கலாம்.

5. அயலார் யார்?

யெருசலேமிலிருந்து யெரிக்கோவுக்குப் போகும் பாதை ஏறக்குறைய 27 கிலோமீட்டர். அதற்குள் சுமார் 1,000 மீட்டர் கீழே இறங்குகிறது. இருபுறமும் வறண்ட பாறைகள். கள்வர் மறைந்திருக்க ஏற்ற இடம். அந்தப் பாதையில் அடிபட்டுக் கிடந்தவனைக் குருவும் கண்டார், லேவியனும் கண்டான். இருவரும் விலகிச் சென்றனர். யூதர்களால் வெறுக்கப்பட்ட சமாரியன் கண்டு, பக்கத்தில் வந்தான் (லூக்காஸ் 10:30-35).

அவன் செய்தவற்றை எண்ணிப் பாருங்கள். காயத்தில் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்தான், கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றித் தான் நடந்தான், சாவடிக்குக் கொண்டு சென்று இரவெல்லாம் பார்த்துக் கொண்டான், மறுநாள் இரண்டு தெனாரியம் கொடுத்தான், மேற்கொண்டு ஆகும் செலவுக்கும் பொறுப்பேற்றான். ஒரு தெனாரியம் அக்காலத்தில் ஒரு கூலியாளின் ஒரு நாள் ஊதியம் (மத்தேயு 20:2). ஆக, முன்பின் தெரியாத ஒருவனுக்காக இரண்டு நாள் சம்பளத்தை எடுத்து வைத்தான். "ஐயோ பாவம்" என்று சொன்னதாக மட்டும் எங்கும் எழுதப்படவில்லை!

சட்ட அறிஞர் கேட்ட கேள்வி, "என் அயலார் யார்?" என்பது. இயேசு கேட்டது, "அடிபட்டவனுக்கு யார் அயலாராக நடந்து கொண்டார்?" என்பது. யாருக்கெல்லாம் அன்பு காட்ட வேண்டும் என்று எல்லை கேட்டவரிடம், எல்லையைத் தாண்டி நீயே அயலாராகு என்றார்.

நம் நாட்டில் அயலாருக்கு எல்லை போடும் பெரிய வேலி சாதி. கோவிலில் ஒரே அப்பத்தைப் பகிர்ந்து கொண்டு, வெளியே வந்ததும் தெருவையும் குழாயையும் இடுகாட்டையும் பிரித்துக் கொண்ட வரலாறு நம் திருச்சபையிலும் உண்டு. இதை மறைக்க வேண்டியதில்லை; மாற்ற வேண்டும். இதற்கு நமக்கு ஒரு முன்னோடி இருக்கிறார். கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712-இல் உயர்குடியில் பிறந்து, திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவர் நீலகண்டன். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி வேறுபாடு பாராமல் எல்லா மக்களும் சமம் என்று பழகினார். சிறைப்பட்டு, பல துன்பங்களுக்குப் பின் 1752-இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் உரோமையில் புனிதராக உயர்த்தப்பட்டார். இந்தியப் பொதுநிலையினருள் முதல் புனிதர் இவரே. இவருடைய படத்தை வீட்டில் மாட்டிக்கொண்டு, வேலை செய்ய வரும் அம்மாவுக்குத் தனிக் குவளை வைத்தால், படம் சுவரில் இருக்கும். புனிதர் வெளியே நிற்பார்.

வீட்டு வேலை செய்யும் அம்மாவின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? அவருடைய பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள்? நம் வகுப்பறையைப் பெருக்கும் ஆயாவுக்கு ஒரு நாளாவது வணக்கம் சொல்லியிருக்கிறோமா? அவர் குனியும் இடத்தில் காகிதத்தைக் கிழித்துப் போடாமல் இருப்பதும் அன்புதான். ஏழைக் கூலியாளின் ஊதியத்தைச் சூரியன் மறையுமுன் கொடுத்துவிட வேண்டும் என்று உபாகமம் 24:15 கட்டளையிடுகிறது. "நாளை பார்த்துக்கொள்ளலாம்" என்று சம்பளத்தைத் தள்ளிப்போடுவது பெற்றோர் தம்மைத் தாமே சோதித்துப் பார்க்க வேண்டிய இடம்.

மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் பசித்தவருக்கு உணவு தந்தவர்கள், தாங்கள் ஆண்டவருக்கே செய்ததை அறியாமல் வியக்கிறார்கள். அன்பு செய்தவள் எந்தச் சமயத்தவளாய் இருந்தாலும், அந்த வியப்பு அவளுக்கும் காத்திருக்கிறது.

6. மன்னிக்கும் அன்பு, மறைக்காத அன்பு

அன்பின் மிகக் கடினமான பாடம் மன்னிப்பு. பகைவரையும் நேசிக்கச் சொன்னார் ஆண்டவர் (மத்தேயு 5:44). இது நடக்கக் கூடியதா?

அருட்சகோதரி ராணி மரியா கேரளத்தில் பிறந்தவர். பிரான்சிஸ்கன் கிளாரா சபையைச் சேர்ந்தவர். மத்தியப் பிரதேசத்தில் ஏழை உழவரிடையே பணியாற்றி, கடன் சுமையிலிருந்து அவர்கள் விடுபட உதவினார். அதை விரும்பாதவர்கள் ஏவிய ஒருவன், 1995-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் நாள், ஓடும் பேருந்தில் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றான். அவருடைய தங்கையும் அதே சபையில் துறவி. அவர் 2002-ஆம் ஆண்டு சிறைக்குச் சென்று, அக்காளைக் கொன்றவனின் கையில் ராக்கி கட்டி, அவனைச் சகோதரனாக ஏற்றுக்கொண்டார். அவன் மனம் மாறினான். ராணி மரியாவுக்கு 2017-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் இந்தூரில் அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். அந்தத் தங்கை மன்னித்தார். நடந்தது கொலை என்பதை மறைக்கவில்லை. நீதிமன்றம் தன் கடமையைச் செய்தது. மன்னிப்பு என்பது தீமைக்குத் திரை போடுவது அன்று. யாரேனும், அவர் உறவினராயினும், பெரிய மனிதராயினும், ஆசிரியராயினும், திருப்பணியாளராயினும், உங்களைத் தகாத முறையில் தொட்டாலோ துன்புறுத்தினாலோ, வாய்மூடி இருப்பது அன்பும் அன்று, பொறுமையும் அன்று. அன்பு உண்மையோடு சேர்ந்து மகிழும் என்று அதே 13-ஆம் அதிகாரம் கூறுகிறது. நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் உடனே சொல்லுங்கள். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கிறது. பெற்றோரே, உங்கள் மகள் அப்படி ஒன்றைச் சொன்னால், "வெளியே தெரிந்தால் மானம் போகும்" என்று அடக்காதீர்கள். அவளை நம்புங்கள். அவளைக் காப்பதே அந்த வேளையில் இறையன்பு.

7. சிறு வழி

"நான் சிறுமி, என்னால் என்ன ஆகும்?" என்று கேட்பவர்களுக்காகவே ஒரு புனிதை இருக்கிறார். குழந்தை இயேசுவின் தெரேசா 1873-இல் பிரான்சில் பிறந்தார். 15-ஆம் வயதில் லிசியே நகர்க் கார்மேல் மடத்தில் நுழைந்தார். 24-ஆம் வயதில் காசநோயால் இறந்தார். மடத்தை விட்டு அவர் எங்கும் போனதில்லை. ஆயினும் 1927-இல் மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியாகவும், 1997-இல் திருச்சபையின் மறைவல்லுநராகவும் அறிவிக்கப்பட்டார்.

அவர் செய்தது என்ன? துணி துவைக்கும் இடத்தில் எதிரே இருந்த சகோதரி அழுக்குத் தண்ணீரை முகத்தில் தெறித்துக் கொண்டே இருந்தார். தெரேசா முகத்தைத் துடைத்துக் காட்டவில்லை. செப நேரத்தில் பின்னால் ஒருவர் ஓயாமல் ஒலி எழுப்பினார்; திரும்பி முறைக்கவில்லை. தமக்குச் சிறிதும் பிடிக்காத ஒரு சகோதரியைக் கண்டபோதெல்லாம் புன்னகைத்தார். தம்மிடம் அவ்வளவு பிடித்தமானது எது என்று அந்தச் சகோதரியே கேட்கும் அளவுக்கு! முதல் பகுதியில் கண்ட தீர்மான அன்பு இதுதான். குழாயடியும் வகுப்பறையும் விடுதிச் சாப்பாட்டு அறையும் இருக்கும் வரை இதற்கான வாய்ப்புக்குப் பஞ்சமே இல்லை.

ஒரு வாரப் பயிற்சி

நாள்தோறும் ஒரு பகுதியைப் படித்து, ஒரு செயலைச் செய்யுங்கள். யாரிடமும் சொல்ல வேண்டாம்.

ஞாயிறு: 1 அருளப்பர் 4:7-21. இந்த வாரம் யாரிடமிருந்து அன்பைப் பெற்றேன் என்று மூவரை நினைத்து நன்றி கூறுங்கள்.

திங்கள்: லூக்காஸ் 15:11-32. நெடுநாளாகப் பேசாத ஒருவரிடம் நீங்களே முதலில் பேசுங்கள்.

செவ்வாய்: இசையாஸ் 49:13-16. அம்மா அடுக்களையில் இருக்கும்போது கேட்காமலே சென்று ஒரு வேலையை முடித்துக் கொடுங்கள். அண்ணன் தம்பியரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்!

புதன்: 1 கொரிந்தியர் 13:4-7. மனத்துப் பற்று நோட்டில் ஒரு வரியை அடித்துவிடுங்கள்.

வியாழன்: அருளப்பர் 13:1-15. சீடர்களின் பாதங்களைக் கழுவியவரை எண்ணி, யாரும் செய்ய விரும்பாத ஒரு வேலையை எடுத்துச் செய்யுங்கள்.

வெள்ளி: லூக்காஸ் 10:25-37. தனியே உட்கார்ந்து சாப்பிடும் ஒருத்தியின் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

சனி: உரோமையர் 8:35-39. நோயாளி அல்லது முதியவர் ஒருவருக்கு அரை மணி நேரம் கொடுங்கள். அவர் பேசட்டும், நீங்கள் கேளுங்கள்.

சிந்திக்கச் சில கேள்விகள்

1. என் உள்ளத்தில் நான் வைத்திருக்கும் கடவுள் தந்தையா, கணக்கரா?
2. நம் வீட்டில் மகனுக்கும் மகளுக்கும் உணவிலும் ஓய்விலும் படிப்பிலும் சம பங்கு உண்டா?
3. என் தோழியர் வட்டத்திற்குள் நுழைய முடியாமல் வெளியே நிற்பவள் யார்? அவளை வெளியே நிறுத்தியது எது?
4. நான் மன்னிக்க வேண்டியது எது? மறைக்காமல் சொல்ல வேண்டியது எது?

கண்ணால் கண்ட சகோதரரை நேசிக்காதவர், காணாத கடவுளை நேசிப்பதாகக் கூறுவது பொய் என்று புனித அருளப்பர் முடிக்கிறார் (1 அருளப்பர் 4:20). சோதனை எளிது, விடைத்தாளும் நம் கையிலேயே இருக்கிறது. இந்த மலரை மூடி வைத்த பின் நீங்கள் முதலில் சந்திக்கும் முகம் எதுவோ, அதுவே முதல் கேள்வி. அனைவர்க்கும் இறையாசீர் நிறைவாய்க் கிடைப்பதாக!